‘பொய்’ என்று ஆங்கிலத்தில் எழுதிச் சிக்கிக்கொண்டால்: அறிகுறி பார்த்துச் சொல்லை மாற்றுவது எப்படி

திருகோணமலையில் கடிதம் எழுதிக் கொடுப்பது என் தொழில். முறைப்பாடு, மேன்முறையீடு, விளக்கக் கடிதம், சத்தியக்கடதாசிக்கு மொழிபெயர்ப்பு என்று எல்லாம் வரும். வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். சிலர் வீட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டு, காரியம் நடக்காத பிறகு பிரதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பிரதிகளில் நான் திரும்பத் திரும்பத் திருத்துவது ஒரே இடத்தைத்தான். மற்றவர் சொன்னது உண்மையில்லை என்று சொல்லும் இடம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், பள்ளிக்கூடத்தில் ‘பொய்’ என்றால் ‘லை’ என்று படித்துவிட்டோம். ஆனால் நம் ‘பொய்’ அதைவிட அகலமான சொல். மழை பொய்த்தது என்கிறோம், மழை யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பொய்க்கால் குதிரை என்கிறோம், அதில் ஒரு வஞ்சகமும் இல்லை. பொய்ப்பல் கட்டியவர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இந்த இடங்களில் நம் ‘பொய்’க்கு ஆங்கிலத்தில் நெருங்கிய சொல் ‘ஃபோல்ஸ்’. ‘லை’ என்று எழுதினால், சொன்னவருக்கு அது உண்மையில்லை என்று தெரிந்திருந்தது, தெரிந்தே ஏமாற்றச் சொன்னார் என்று ஆகிவிடும். நீங்கள் தகவலைக் குறை சொல்ல நினைத்திருப்பீர்கள். கடிதம் ஓர் ஆளின் மேல் குற்றம் சாட்டிக்கொண்டு போய்ச் சேரும்.

கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். சொன்னவருக்கு அது தவறென்று தெரியும் என்பதை என்னால் காட்ட முடியுமா? நான் குறை சொல்வது ஆளையா, பேச்சையா, காகிதத்தையா?

அறிகுறி: கடிதம் கொடுத்த பிறகு அலுவலகம் இறுகிப்போய்விட்டது

திருக்கடலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். வள்ளத்துக்கு நடந்த சேதத்தைப் பார்த்து எழுதப்பட்ட அறிக்கையில் வள்ளத்தை மட்டும் பதிந்திருந்தார்கள், வெளியிணைப்பு இயந்திரத்தைக் காணவில்லை. மகன் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தான். இரண்டாவது வரியிலேயே ‘தி ஒஃபிசர் லைட் இன் ஹிஸ் ரிப்போட்’ என்று இருந்தது. அதாவது, உத்தியோகத்தர் அறிக்கையில் பொய் சொன்னார். கடிதம் போனதும் அந்த உத்தியோகத்தரிடமே விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் எழுதினார். இயந்திரத்தின் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

“பிள்ளை, அது பொய்தானே? பொய்யைப் பொய் எண்டு எழுதாமல் வேறென்னெண்டு எழுதுறது?” என்று அந்த அம்மா கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. “அம்மா, அவருக்குத் தெரிஞ்சுதான் விட்டவரா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “எஞ்சின் அண்டைக்குத் தம்பியார் வீட்டில கிடந்தது. அவர் காணேல்ல” என்றார்.

அப்படியானால் அது ‘லை’ ஆகாது. நான் எழுதியது இரண்டே வசனம்: ‘தி ரிப்போட் டஸ் நொட் ரெக்கோட் தி எஞ்சின். தி ரிசீட் இஸ் அட்டாச்ட்.’ அறிக்கையில் இயந்திரம் பதியப்படவில்லை, பற்றுச்சீட்டை இணைத்திருக்கிறேன். யாருக்கும் கோபம் வர அதில் இடமில்லை. மறுபடி வந்து பார்க்க ஒரு திகதி கொடுத்தார்கள்.

இந்த வகைச் சொற்களை எடை வாரியாக மனதில் வைத்திருப்பது நல்லது. இலக்கம், பெயர், திகதி பிழைத்தால் ‘இன்கரெக்ட்’ அல்லது ‘இன்அக்கியுரேட்’. ஆள் நல்ல மனதோடு தவறிவிட்டார் என்றால் ‘மிஸ்டேக்கன்’. சொன்ன விசயமே நடக்கவில்லை என்றால் ‘அன்ட்ரூ’, அதைவிட அழுத்தம் வேண்டுமென்றால் ‘ஃபோல்ஸ்’. தெரிந்தே சொன்னார் என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தால் ‘நோயிங்லி ஃபோல்ஸ்’. ‘லை’ என்ற சொல்லைக் கடிதத்தில் நான் எழுதுவதே இல்லை. ஆங்கிலம் பிறந்த இடத்திலும் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு சூடு உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இன்னோர் உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்ல விடமாட்டார்கள். 1906இல் வின்ஸ்டன் சேர்ச்சில் அங்கே ‘டேர்மினோலொஜிகல் இன்எக்சாக்டிடியூட்’ என்று ஒரு நீளமான தொடரைப் பயன்படுத்தினார். சொல்லில் துல்லியக் குறைவு என்று பொருள். பிறகு அதுவே பொய்க்கு மறுபெயராகப் பிரபலமாகிவிட்டது.

நம் நாட்டுச் சட்டமும் ‘தெரிந்திருந்தது’ என்பதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ‘பொய்யான கூற்று’ என்பதை வரைவிலக்கணப்படுத்தும்போது, சொன்னவரே அது சரியில்லை அல்லது உண்மையில்லை என்று அறிந்திருக்க அல்லது நம்பியிருக்க வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயத்தை விலக்கி வைக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவு அரச உத்தியோகத்தருக்குப் பொய்த் தகவல் கொடுப்பதைப் பற்றியது. அங்கும் கொடுத்தவரின் அறிவும் நோக்கமும்தான் கேள்வி.

அறிகுறி: ‘ஃபேப்ரிகேட்டட்’ என்று எழுதினீர்கள், எதிர்த் தரப்பு மூலப் பிரதியை எடுத்து நீட்டிவிட்டது

இந்தச் சொல்லைப் படித்தவர்கள்தான் அதிகம் பிழையாக எழுதுகிறார்கள். கேட்க வலுவாக இருக்கிறது என்று எல்லாப் பொய்க்கும் இதையே போடுகிறார்கள்.

ஊருக்குள் வெல்டிங் பட்டறை வாசலில் ‘ஸ்டீல் ஃபேப்ரிகேஷன்’ என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கம்பியும் தகடும் உள்ளே போகும், கேற் ஒன்று வெளியே வரும். அந்தச் சொல்லின் உடம்பு அதுதான்: இல்லாத ஒன்றைச் செய்து எடுப்பது. லத்தீனில் கைவினைஞனின் வேலையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கையெழுத்துப் போலி செய்வதைச் சொல்லும் ‘ஃபோர்ஜ்’ கூட அதே வேரில், பிரெஞ்சு வழியாக வந்ததுதான். கொல்லன் உலைக்கும் அதே பெயர். நாமும் கதை ‘கட்டுகிறான்’, வழக்குச் ‘சோடிக்கிறான்’ என்றுதானே சொல்கிறோம். இரண்டு மொழியிலும் பொய் கைவேலையாகத்தான் தெரிந்திருக்கிறது.

ஆகவே ‘ஃபேப்ரிகேட்டட்’ என்றால் அடியிலிருந்து இட்டுக்கட்டியது. அப்படி ஒரு சம்பவமே இல்லை, அப்படி ஒரு பத்திரமே இருந்ததில்லை என்றால்தான் அது பொருந்தும். இருந்த ஒன்றை மாற்றினால் வேறு சொல்.

ஒருவர் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். பிறந்த ஆண்டு 1968 என்று இருந்தது. யன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மற்ற இலக்கங்களின் மை பழுத்து மண்ணிறமாகியிருந்தது. 8இன் வலப் பக்கம் அப்படியே இருக்க, இடப் பக்கத்து இரண்டு வளைவும் மட்டும் நீலம் மாறாமல் இருந்தன. 3ஐ 8 ஆக்கியிருக்கிறார்கள். அவர் எழுதிவந்த கடிதத்தில் ‘ஃபேப்ரிகேட்டட் சேட்டிஃபிகேட்’ என்று இருந்தது. அப்படியே போயிருந்தால் எதிர்த் தரப்பு பதிவேட்டைக் காட்டி, பிறப்பு உண்மையாகவே பதியப்பட்டிருக்கிறது என்று நிறுவிவிடும், நம் ஆள் மேற்கொண்டு எதுவும் பேச முடியாது. ‘ஓல்டேர்ட்’ அல்லது ‘டாம்பர்ட் வித்’ என்று மாற்றினோம். எந்த இலக்கம், எந்த வரி என்பதையும் சேர்த்தோம்.

கணக்கு, பதிவேடு, ஆய்வுத் தரவு ஆகியவற்றைத் திரித்தால் ‘ஃபோல்சிஃபைட்’. ஆராய்ச்சி ஒழுக்க விதிகளில் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறார்கள்: இல்லாத தரவை உண்டாக்குவது ‘ஃபேப்ரிகேஷன்’, இருக்கிற தரவை வளைப்பது ‘ஃபோல்சிஃபிகேஷன்’. இன்னொருவர் கையொப்பத்தைப் போட்டால் ‘ஃபோர்ஜ்ட்’. இது சட்டக்கோவையின் 452ஆம் பிரிவுக் குற்றம் என்பதால் இலேசாக எழுதக்கூடாது. காசுத் தாள், மருந்து, உதிரிப்பாகம் என்றால் ‘கவுன்டர்ஃபிட்’. சோடித்த வழக்குக்கு ‘ட்ரம்ப்ட்-அப் சார்ஜ்’ பொருத்தமான தொடர், ஆனால் அது பேச்சுக்கும் பத்திரிகைக்கும் நல்லது, மனுவில் ‘ஃபோல்ஸ் சார்ஜ்’ போதும். ‘ஃபேக்’ என்பதை அலுவலகக் கடிதத்தில் தவிர்க்கலாம்.

நீதிமன்றத்தில் சாட்சியம் சம்பந்தப்பட்டால் இன்னும் கவனம் வேண்டும். சட்டக்கோவையில் பொய்ச் சாட்சியம் கொடுப்பது 188ஆம் பிரிவில், பொய்ச் சாட்சியம் புனைவது 189இல். வாயால் சொல்வது ஒன்று, பொருளையோ பதிவையோ செய்து வைப்பது மற்றொன்று. எது என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் எழுத வேண்டாம்.

அறிகுறி: உங்கள் முறைப்பாட்டை நீங்களே சந்தேகப்படுவதுபோல வாசிக்கிறது

இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் மிகவும் கஷ்டப்படும். ஒரு தகப்பன் தன் மகள் தாக்கப்பட்டதைப் பற்றி எழுதிய கடிதம். ‘தி அலெஜ்ட் அசோல்ட் ஒன் மை டோட்டர்’ என்று தொடங்கியது. பத்திரிகையில் பார்த்துப் பழகிய சொல், அதுதான் முறையான ஆங்கிலம் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்.

‘அலெஜ்ட்’ என்றால் ‘நடந்ததாகக் கூறப்படும்’. பத்திரிகைக்காரர் அப்படித்தான் எழுத வேண்டும், அவர் கண்ணால் காணவில்லை, வழக்கும் முடியவில்லை. ஆனால் அடிபட்ட பிள்ளையின் தகப்பன் ‘தாக்கப்பட்டதாகக் கூறப்படும் என் மகள்’ என்று எழுதலாமா? உங்களுக்கு நேரே நடந்ததற்கு இந்தச் சொல்லை வைக்கவே வேண்டாம். ‘தி அசோல்ட் ஒன் மை டோட்டர்’ என்று நேராக எழுதுங்கள். யார் செய்தார் என்பது நிறுவப்படவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் ‘அலெஜ்ட்’ வரலாம். ‘சோ-கோல்ட்’ என்பதற்கும் இதே கவனம் தேவை. எதற்கு முன்னால் வைக்கிறீர்களோ அதைக் கேலி செய்துவிடும்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. மற்றவர் ‘அலெஜ்ட்’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, “என்னைப் பொய்யன் என்கிறார்கள்” என்று கொதித்து வருவார்கள். இல்லை. இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறார்கள்.

அறிகுறி: ‘ரிஃபியூட்’ என்று எழுதினீர்கள், ஆதாரம் எங்கே என்று திருப்பிக் கேட்கிறார்கள்

‘டினை’ என்றால் இல்லை என்று மறுப்பது, அதற்கு ஒரு வாய் போதும். ‘ரிஃபியூட்’ என்றால் பிழையென்று நிறுவிக் காட்டுவது. கையில் காகிதம் இல்லாமல் ‘ஐ ரிஃபியூட்’ என்று எழுதாதீர்கள், ‘ஐ டினை’ என்றே எழுதுங்கள்.

அறிகுறி: ‘பேஸ்லெஸ்’ என்றீர்கள், பிறகு ஏதோ கொஞ்சம் அடிப்படை இருந்தது தெரியவந்தது

‘பேஸ்லெஸ்’, ‘அன்ஃபவுண்டட்’, ‘கிரவுண்ட்லெஸ்’ மூன்றும் அடித்தளமே இல்லை என்று சொல்லும். அந்தக் குற்றச்சாட்டை முழுக்க ஆராய்ந்தவர்தான் அப்படிச் சொல்லலாம். இன்னும் ஆதாரம் காட்டப்படவில்லை என்ற அளவில் நின்றால் ‘அன்சப்ஸ்டான்ஷியேட்டட்’, யாரும் சரிபார்க்கவில்லை என்றால் ‘அன்வெரிஃபைட்’. நாளைக்கு ஆதாரம் வந்தாலும் இந்த இரண்டு சொல்லும் உங்களைக் காட்டிக்கொடுக்காது. இருக்கிறதைப் பெருப்பித்துச் சொல்கிறார்கள் என்றால் ‘எக்சாஜரேட்டட்’. ஒவ்வொரு வரியும் உண்மை, ஆனால் சேர்த்து வாசித்தால் பிழையான எண்ணம் வருகிறது என்றால் ‘மிஸ்லீடிங்’. பழைய வெள்ளத்துப் படத்தை நேற்றைய வெள்ளம் என்று போடுவது இந்த வகைதான். படம் ‘ஃபேக்’ இல்லை.

அறிகுறி: வட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கையை எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியவில்லை

எங்கள் கரையில் இது சின்ன விசயமில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ‘கடல் வருகுது’ என்ற சத்தம் கேட்டால் இங்கே யாரும் நின்று யோசிப்பதில்லை.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள், கரையோரச் சனம் மேட்டுக்கு ஓடியது. அந்த நடுக்கத்தில் கடலடித் தட்டு பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியதால் 2004ஐப்போல நீரை மேலே தூக்கவில்லை, பெரிய அலை வரவில்லை. எச்சரிக்கையை மீளப் பெற்றார்கள். அதை ஒரு தம்பி கட்டுரையில் ‘ஃபேக் வோர்னிங்’ என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டேன். அன்றைக்கு யாரும் பொய் சொல்லவில்லை. நிலநடுக்கம் உண்மை, ஆபத்தும் இருந்திருக்கக்கூடியது. ‘ஃபோல்ஸ் அலாம்’ என்று சொல்லலாம், அங்கே ‘ஃபோல்ஸ்’ என்பது மழை பொய்த்தது மாதிரித்தான். ‘பிரிகோஷனரி வோர்னிங்’, முன்னெச்சரிக்கை, என்றால் இன்னும் சரி. ‘ஃபேக்’ என்று பதிந்துவிட்டால் அடுத்த முறை சைரன் கேட்கும்போது பிள்ளைகள் ஓடமாட்டார்கள். அதுதான் என் பயம்.

‘இன்றிரவு 11 மணிக்கு அலை வரும்’ என்று குரல் பதிவு ஒன்று வருகிறது என்று வைப்போம். நிலநடுக்கத்தை நாள், நேரம் குறித்து முன்கூட்டிச் சொல்ல இன்றைக்கு வழியில்லை. ஆகவே நடுக்கம் எதுவும் நடக்காத நாளில் மணி குறித்து வரும் செய்தியை யாரோ உண்டாக்கியிருக்கிறார். உண்டாக்கியவர் செய்தது ‘ஹோக்ஸ்’, சனத்தை ஏமாற்றும் புரளி. தீங்கு செய்யும் நோக்கத்தோடு என்றால் ‘டிஸ்இன்ஃபமேஷன்’. அதை நம்பிப் பதறிப்போய்ப் பத்துப் பேருக்கு அனுப்பிய மாமி பரப்பியது ‘மிஸ்இன்ஃபமேஷன்’. செய்தி ஒன்றே, ஆளின் மனம் வேறு. மாமியைப் பற்றி முறைப்பாட்டில் ‘டிஸ்இன்ஃபமேஷன்’ என்று எழுதினால் அது அநியாயம். இவற்றோடு 2017இல் ஐரோப்பியப் பேரவைக்காகத் தயாரித்த அறிக்கை ஒன்று ‘மால்இன்ஃபமேஷன்’ என்பதையும் சேர்த்துப் பிரித்துக் காட்டியது: உண்மையான தகவலையே ஒருவரைக் கெடுக்க வெளியே விடுவது. ஒரு பெண்ணின் வைத்திய அறிக்கையைக் குழுவில் போடுவது அப்படிப்பட்டது. அதைப் ‘பொய்’ வகையில் எழுதினால், “உண்மையைத்தானே போட்டேன்” என்று தப்பிவிடுவார்கள்.

யார் சொன்னது, உண்மையா என்று எதுவும் தெரியாதபோது ‘ரூமர்’ போதும். வதந்தி உண்மையாகவும் முடியலாம்.

அறிகுறி: கோவில் பற்றிய மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பெரியவர்கள் மனம் நொந்தார்கள்

கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் மலை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் சுற்றுலாக்காரருக்கான பிரசுரங்களில் கட்டாயம் வரும். ‘ஐதீகம்’ என்பதற்கு ‘மித்’ என்று போட்டுவிடுகிறார்கள். படிப்பாளிகளின் ஆங்கிலத்தில் ‘மித்’ மரியாதையான சொல்தான். ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் ‘இட்ஸ் எ மித்’ என்றால் சனம் நம்பிக்கொண்டிருக்கும் பிழை என்று பொருள். ‘லெஜன்ட்’ அல்லது ‘ட்ரடிஷன் ஹோல்ட்ஸ் தட்’ என்று மாற்றுங்கள். இராவணன் தாயின் கிரியைக்காகக் கன்னியாவில் ஊற்றுகளை உண்டாக்கினான் என்பதை ‘அக்கோடிங் டு ட்ரடிஷன்’ என்று தொடங்கினால் நம்புகிறவருக்கும் குறையில்லை, வாசிக்கிற வெளியூராருக்கும் குழப்பமில்லை.

அதே மலையில் இன்னொரு கதை. காதலன் கப்பலேறிப் போனதால் 1687இல் ஒல்லாந்துப் பெண் ஒருத்தி பாறையிலிருந்து கடலில் குதித்தாள் என்பார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து மணம் செய்தார் என்று ஒல்லாந்தர் காலப் பதிவுகளைக் காட்டி எழுதியிருக்கிறார்கள். இப்படி மெய்போலச் சொல்லப்பட்டு ஆவணம் ஆதரிக்காத கதைக்கு ‘அபொக்ரிஃபல்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. யாரையும் பொய்யர் ஆக்காத சொல்.

அறிகுறி: மாணவரின் கட்டுரையில் இல்லாத நூல்கள் மேற்கோளாக வந்துள்ளன

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை அப்படியே ஒட்டினால் இது நடக்கும். இயந்திரம் இப்படி உண்டாக்குவதை ‘ஹாலுசினேஷன்’ என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அகராதி 2023இல் ‘ஹாலுசினேட்’டைத்தான் ஆண்டின் சொல்லாக எடுத்தது. அதே ஆண்டு நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள் சட்ஜிபிடி உண்டாக்கிய வழக்குத் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து, 5000 டொலர் தண்டப்பணம் கட்ட நேர்ந்தது. நீதிபதி அந்தத் தீர்ப்புகளைப் ‘போகஸ்’, அதாவது போலி, என்றார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கள்ள நாணயம் அடிக்கும் கருவிக்கு இருந்த பெயர் அது. நீங்கள் ஆசிரியராக இருந்தால் மாணவருக்கு எழுதும்போது ‘தீஸ் ரெஃபரன்சஸ் டு நொட் எக்சிஸ்ட்’ என்று மட்டும் எழுதுங்கள். பிள்ளை தெரிந்து செய்ததா என்பதைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகு மற்றதை எழுதலாம்.

அறிகுறி: ‘லைபல்’ போடுவதா, ‘ஸ்லாண்டர்’ போடுவதா

இங்கிலாந்துச் சட்டத்தில் எழுத்தில் வந்த அவதூறு முதலாவது, பேச்சில் வந்தது இரண்டாவது. நம் சட்டம் உரோம-ஒல்லாந்து வழி, அங்கே அந்தப் பிரிப்பு இல்லை. ‘டிஃபமேஷன்’ என்று எழுதினால் சரி. 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டுவிட்டது, இப்போது இருப்பது நட்டஈடு கேட்கும் குடியியல் வழக்கு.

அறிகுறி: இதையெல்லாம் வாசிக்கும் முன்பே கடிதம் போய்விட்டது

பயப்பட வேண்டாம். பதில் வரும்வரை காத்திருக்காமல் இரண்டாவது கடிதம் ஒன்று அனுப்புங்கள். முதல் கடிதத்தின் திகதியையும் எந்தப் பந்தி என்பதையும் குறிப்பிடுங்கள். ‘ஐ வித்ட்ரோ தி வேர்ட்’ என்று எழுதி, அந்தச் சொல்லை மட்டும் மீளப் பெறுங்கள். முறைப்பாட்டை மீளப் பெறுவதாக வாசிக்க இடம் வைக்காதீர்கள், ‘மை கொம்ப்ளைன்ட் ஸ்டாண்ட்ஸ்’ என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். பிறகு எது பிழை, எந்த வரியில், உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை முதல் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.